சட்டைப்பையில் இருந்த பன்னிரண்டு மில்லிமீட்டர்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு மணியடிக்கிற வேலை, கடிதம் கொண்டுபோகிற வேலை, பூட்டு சாவி வேலை என்று ஏகப்பட்ட வேலைகள். சம்பளப் பட்டியலில் அவர் அலுவலக உதவியாளர். ஆனால் ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் அவரை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர். பிறகு அவர் மனைவியே யாராவது வீடு தேடி வந்தால் "மில்லிமீட்டர் வீடுதானே? இதுதான், வாங்க" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

பெயருக்குக் காரணம், அறிவியல் கூடத்துக்குப் பின்னால் இருந்த தூண். நிலநடுக்க ஆய்வகத்துக்காரர்கள் ஏழு வருடத்துக்கு முன்னால் வந்து, பாறையைக் குடைந்து, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தூண் எழுப்பினார்கள். அதன் தலையில் தட்டு மாதிரி ஒரு ஆன்டெனா. அதன்மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வெள்ளை மூடி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை அந்தத் தட்டு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்து, தூண் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கணக்குப் போடுவார்கள். தூண் பாறையோடு ஒட்டியது. ஆகவே தூண் நகர்ந்தால் பூமி நகர்ந்தது என்று அர்த்தம்.

தூணைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றபோது தலைமையாசிரியை இவரைக் கைகாட்டினார். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. சூரியத் தகட்டைத் துடைக்க வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டும், வேலிக்குள் ஆடு மாடு நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமான வேலை ஒன்றுதான். ஒரு பதிவேடு. தூணுக்குப் பக்கத்தில் என்ன நடந்தாலும் அதில் எழுத வேண்டும். அன்று வந்த பொறியாளர் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். "தொடாம இருக்கிறது நல்லது. தொட்டுட்டா எழுதிடுங்க. எழுதினா நாங்க கணக்குல கழிச்சுடுவோம். எழுதலைன்னா பூமி நகர்ந்துச்சுன்னு நெனச்சுப்போம்."

இவர் தொடவே இல்லை. மாதா மாதம் பக்கத்தின் அடியில் 'யாரும் தொடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது நிலையங்களில் இவருடைய பதிவேடுதான் சுத்தம் என்று ஐந்தாம் வருடம் ஆய்வகம் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டு நடுச்சுவரில் மாட்டினார். யார் வந்தாலும் பேச்சு எப்படியோ அந்தப் பக்கம் போய்விடும். மலை வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் வடக்கே போகிறது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் எப்படி இறுகிக்கொண்டே வருகிறது என்று ஆரம்பித்தால் வந்தவர் தேநீர் ஆறிப்போகும். "வீட்டுல உப்பு தீர்ந்து மூணு நாளாச்சு, அது இவருக்குத் தெரியல. மலை மூணு மில்லிமீட்டர் போனது தெரியுது" என்பாள் மனைவி.

பூகம்பம் என்றைக்கு வரும் என்று கேட்பவர்களிடம் மட்டும் அவர் கறாராக இருந்தார். தேதியெல்லாம் யாராலும் சொல்ல முடியாது, எந்தப் பக்கம் இறுக்கம் கூடுகிறது என்றுதான் சொல்ல முடியும், அதை வைத்து எந்தக் கட்டடத்தை முதலில் பலப்படுத்துவது என்று வரிசை போடுவார்கள் என்று விளக்குவார். அந்த வரிசையில் நகரத்தின் பழைய பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருந்தன. வருடத்துக்கு ஒரு பள்ளிக்கு இரும்புச் சட்டங்கள் வைத்துச் சுவரையும் கூரையையும் கட்டுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மாடிப் பள்ளிக்கூடம் முதலாவது. அங்கேதான் அவர் தங்கை ஆசிரியையாக இருந்தாள். இவருடைய பள்ளி நான்காவது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் குளவி கூடு கட்டியது.

வேறெங்கும் இடம் கிடைக்காத மாதிரி ஆன்டெனாத் தட்டுக்கு அடியில் கட்டியது. கணக்கு ஆசிரியரின் காதில் ஒரு குளவி கொட்டி, காது வடை அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். சாயங்காலத்துக்குள் கூடு போயாக வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஆய்வகத்துக்குப் போன் செய்தால் ஆள் வர இரண்டு நாள் ஆகும். இவருக்குக் கை சும்மா இருக்காது. புகை போட்டுக் குளவியை விரட்டினார். மின்கம்பியைக் கழற்றினார். தட்டைத் திருகிக் கழற்றினார். தட்டுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு பித்தளை வளையம் இருந்தது. புல்லில் விழுந்து தொலைந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கூட்டைச் சுரண்டி எடுத்தார், துடைத்தார், தட்டைத் திரும்பத் திருகினார். முன்பு இருந்ததைவிட இன்னும் சில சுற்று கூடுதலாக இறங்குகிற மாதிரி இருந்தது. நன்றாக இறுகுகிறது என்று நினைத்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம்.

பதிவேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். ஏழு வருடச் சுத்தமான பக்கங்களை ஒருமுறை புரட்டினார். பிறகு, 'பேட்டரிக் கம்பி கழன்றிருந்தது, மாட்டினேன், இருபது நிமிடம் தடை' என்று எழுதினார். கம்பியைக் கழற்றி மாட்டியது உண்மைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று சாயங்காலம் நகரத்தில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசின, அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது நாள் துணி துவைக்கும்போது மனைவி கையில் அந்த வளையம் சிக்கியது. எதோடது என்று கேட்டாள். "பழைய குழாயோடது" என்றார். அவள் அதைப் பொத்தான் போட்டுவைக்கும் டப்பாவில் போட்டாள்.

அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரும்ப மாட்டலாம் என்று நினைத்தார். மாட்டினால் தூண் ஒரு விரல் தடிமன் எழும்பிய மாதிரி தெரியுமே என்று பயந்தார். கேட்டால் சொல்லலாம் என்று முடிவு செய்தார். யாரும் கேட்கவில்லை. அந்த மாதப் பக்கத்தின் அடியிலும் 'யாரும் தொடவில்லை' என்று எழுதினார். அந்த இரண்டாவது சொல்லை, அதுவரை எழுதியே இராத சொல்லை எழுதுகிற மாதிரி மெதுவாக எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தினம் தினம் வரும் எண்களைக் கணக்குப் போடுவது அவள் வேலை. போனில் அடிக்கடி பேசியிருக்கிறாள், நேரில் அதுதான் முதல் தடவை. வந்ததும் தூணைப் பார்த்து, ஏதோ உறவுக்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தாள். மடிக்கணினியைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினாள். ஏழு வருடம் சீராக வந்த கோடு ஒரு இடத்தில் படியிறங்கியிருந்தது. நடுக்கம் வந்த அதே நாள். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

அவ்வளவு சின்ன நடுக்கத்துக்கு இவ்வளவு இறக்கம் வராது, அப்படியானால் சத்தமில்லாமல் அடியில் ஏதோ சறுக்கியிருக்கிறது என்று அவள் விளக்கினாள். செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படத்தில் சரிபார்க்கலாம் என்றால், இந்தச் சரிவு முழுக்க மரம், படம் தெளிவாக விழவில்லையாம். ஆகவே இந்த ஒரு தூண்தான் சாட்சியாம். தடை வந்த இருபது நிமிடத்தைப் பற்றி மேலே கேள்வி கேட்டார்களாம்.

"நான் சொல்லிட்டேன் அண்ணா. மத்த நிலையம்னா சந்தேகப்படுவேன், இந்த அண்ணா எழுதினா எழுதினதுதான்னு சொல்லிட்டேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நல்லவேளை, அவள் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அறிக்கை நகரப் பாதுகாப்புக் குழுவுக்குப் போனது. ஒரு மாதத்தில் வரிசை மாறியது. நான்காவதாக இருந்த இவர்கள் பள்ளி முதலாவது ஆனது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி அடுத்த வருடத்துக்குப் போனது.

தலைமையாசிரியை இந்த இரும்புச் சட்டத்துக்காகப் பதினோரு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தவர். மாடிப்படியில் ஒரு விரிசல் இருந்தது. அதன் நுனியில் வருடா வருடம் பென்சிலால் தேதி போட்டு, அது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அவரே குறித்துவைப்பார். செய்தி வந்த அன்று ஆசிரியர்கள் அறைக்கு வந்து, "நம்ம மில்லிமீட்டராலதான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். காது வீங்கிய கணக்கு ஆசிரியர், குளவிக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும், அன்று கொட்டியதிலிருந்துதான் பள்ளிக்கு நல்ல காலம் என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

நல்லதுதானே நடந்திருக்கிறது என்று மனதைத் தேற்றப் பார்த்தார். நம் பள்ளிக் குழந்தைகளும் குழந்தைகள்தானே. எப்படியும் ஒரு நாள் வர வேண்டிய இரும்பு, முன்னால் வந்தது. அவ்வளவுதான். இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு வாரம் தூங்கினார். லாரியில் சட்டங்கள் வந்து இறங்கின. அறிக்கையோடு இணைக்கப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று ஆய்வகத்துப் பெண் ஆள் அனுப்பினாள். ஒவ்வொரு பக்கத்திலும் 'இது உண்மை' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். குளவிப் பக்கத்திலும் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். சின்ன வயதிலிருந்தே வாயாடி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அண்ணே, உன் தூண் எங்க முறையைத் தின்னுட்டு ஏப்பம் விடுதாமே?"

அவர் ஏதோ சொல்லி மழுப்பினார். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அறிவியல் சொன்னால் கேட்க வேண்டியதுதான் என்று அவளே சொன்னாள். பிறகு தன் வகுப்பில் நடுக்கப் பயிற்சி நடத்திய கதையைச் சொன்னாள். மணியடித்ததும் பிள்ளைகள் மேசைக்கு அடியில் புக வேண்டும். ஆனால் பிள்ளைகள் நாற்பத்திரண்டு, மேசையெல்லாம் சேர்த்து முப்பது பேருக்குத்தான் இடம்.

"மீதிப் பன்னிரண்டு பேரும் என் மேசைக்கு அடியில வந்துடணும்னு சொல்லிவெச்சிருக்கேன். ஓடி வந்துட்டாங்க அண்ணே, ஒரே சிரிப்பு. என் மேசைக்கு ஒரு கால் ஆட்டம். அதைச் சொன்னா பயப்படுவாங்கன்னு சொல்லல."

அண்ணிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அண்ணனுக்கு வரவில்லை. தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இறுகுகிறது என்று சுற்றுவட்டாரத்தின் மற்ற ஐந்து தூண்கள் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் அதை வாய் வலிக்கச் சொன்னவர் இவர்தான். ஐந்து தூண் உண்மை சொல்ல, ஆறாவதாக ஒரு பொய் வந்து அதைத் தள்ளிவிட்டது. இனி ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் எந்த நாள் பூகம்பம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் அவர்தான் கறாராகச் சொல்லி வந்தார்.

தங்கை போனதும் மனைவி பாத்திரங்களை எடுத்தாள். பிறகு அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து, வளையத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"குழாய்க்கு இவ்வளவு பளபளப்பா யாரும் வளையம் போடமாட்டாங்க. நானும் மூணு மாசமா நீங்களே சொல்வீங்கன்னு பார்க்கிறேன்."

அவர் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த பத்திரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அதுக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் பஸ் ஏறினார். நான்கு மணி நேரப் பயணம். வளையம் அதே சட்டைப்பையில் இருந்தது. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் செய்து பார்த்தார். எதிர்பாராத விதமாக என்று ஆரம்பித்தால் அது பொய். மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் அவள் ஒன்றும் தெரியாமலேயே பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள். கடைசியில் உள்ளே போனதும் வளையத்தை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். அது எங்கே இருக்க வேண்டிய பொருள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இழுப்பறையிலிருந்து கவ்விப் பிடித்து அளக்கிற ஒரு அளவுகோலை எடுத்தாள். வளையத்தை அதன் நடுவில் வைத்து மெல்ல நெருக்கினாள். எண்ணைப் படித்தாள். எழுந்து போய், நிலையம் கட்டிய அன்று எழுதிய பழைய தாளைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு இன்னொரு முறை அளந்தாள். அறையில் மற்ற இரண்டு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"போன வாரம்தானே அண்ணா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் அளவுகோலை மூடினாள். "எனக்கும்தான் தோணுச்சு" என்றாள். "அந்த இருபது நிமிஷம் இடிச்சுது. உங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு எனக்குப் பயம். எனக்கு அந்தக் கோடு வேணும்."

தப்பு முழுக்க என்னுடையது, அப்படியே எழுதுங்கள் என்றார். அவள் தலையாட்டிவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம். காரணம் என்ற இடத்தில் இவர் செய்ததையும், தான் கேட்காமல் விட்டதையும் சேர்த்தே எழுதினாள். அவளைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொல்லி இவர் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க எழுதாம விட்டதுக்குத்தான் இங்க உட்கார்ந்திருக்கோம். நானும் அதையே செய்யணுமா?" என்றாள். அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார். இந்த முறை, படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு வேலை போகவில்லை. ஆனால் அந்த வருடம் அவள் பேச வேண்டியிருந்த பெரிய கூட்டத்தில் வேறு யாரோ பேசினார்கள். இவரிடமிருந்து தூணின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஓவிய ஆசிரியரிடம் கொடுத்தார்கள். வரிசை பழையபடி ஆனது.

இரும்புச் சட்டங்களை ஏற்றிப்போக லாரி வந்த அன்று, கேட்டைத் திறந்துவிடுவதும் அவர் வேலையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு சட்டமும் ஏறும் சத்தம் ஒவ்வொரு வகுப்பறைக்கும் கேட்டது. தலைமையாசிரியை ஜன்னலில் நின்று பார்த்தார். லாரி போனதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு வேலையைக்கூட எழுதித்தான் கொடுத்தார். ஆசிரியர்கள் அறையில் மில்லிமீட்டர் என்று கூப்பிடுவது தானாக நின்றுபோனது. யாரும் முடிவு செய்து நிறுத்தவில்லை, வாய் வரவில்லை போல.

தங்கை பள்ளியில் வேலை தொடங்கிவிட்டது என்று போன் வந்தது. அவள் அவரைத் திட்டித் தீர்த்தாள், பிறகு அழுதாள், பிறகு மேசைக்காலுக்கு ஆணி அடிக்க வரச் சொன்னாள். போனை வைத்தபோது பாரம் இறங்கும் என்று நினைத்தார். இறங்கவில்லை, இடம்தான் மாறியது. தினமும் காலையில் மணியடித்ததும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரிசல் ஓடிய மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஏறுவார்கள். வருடக்கணக்காகப் பார்த்த காட்சிதான். இப்போது அவர் ஒவ்வொரு தலையாக எண்ணினார். முப்பத்தொன்று. இவர்களுக்கு வந்த இரும்பு, வந்தவழியே திரும்பிப் போயிற்று. அது போக வேண்டியதுதான். அது வந்ததே இவரால்தான், வந்து ஆசைகாட்டியதும் இவரால்தான்.

மூன்றாவது வாரம், வேலை எழுதிய தாளை வாங்கும்போது, தரைத்தளத்துச் சாமான் அறையைக் காலி செய்தால் ஒன்றாம் வகுப்பைக் கீழே இறக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். வாசல் நேராக மைதானத்தைப் பார்க்கிறது, கூரையும் தகரம்தான் என்றார். தலைமையாசிரியை பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் தனியாக வந்து அறையைத் திறந்தார். உடைந்த நாற்காலிகள், பழைய விடைத்தாள் மூட்டைகள், நாடகத்துக்குச் செய்த அட்டைக் கிரீடங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டார். தரையைக் கழுவினார். மேலேயிருந்து சின்ன மேசைகளை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மேசையையும் தரையில் வைத்து நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தார். பெரிய இரும்பு அலமாரியை மட்டும் தனியாக வெளியே எடுக்க முடியவில்லை. வாசலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஓரமாக விட்டார்.

பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. தலைமையாசிரியை. சனிக்கிழமை அவர் வர வேண்டிய அவசியமில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வாசலில் நின்று மைதானத்துக்கு எத்தனை எட்டு என்று நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அலமாரி சாஞ்சா வாசலை அடைச்சுடும். இன்னும் ரெண்டு அடி உள்ள தள்ளுங்க."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் குரல். இவர் உடனே அலமாரிக்குப் போனார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். போதுமா என்று கேட்டார்.

"போதாது. ரெண்டு அடின்னா ரெண்டு அடி. உங்க மில்லிமீட்டர் கணக்கெல்லாம் இங்க வேண்டாம்" என்றார் தலைமையாசிரியை. சொல்லிவிட்டு, கைப்பையைக் கீழே வைத்து, அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.